தாழ்ந்து வந்த பந்துகள்

அநியாயம் செய்யப்பட்டவள் நான்; செய்தவள் ரெக்ஸ்லின்; செய்த விதம், நான் அடிப்பதற்காக அவள் தூக்கிக் கொடுத்த பந்துகளையெல்லாம் ஒரு சாண் தாழ்த்தியே கொடுத்தது. ஒன்றிரண்டு பந்து என்றால் கை தவறியது எனலாம். வாலிபாலில் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற லிஃப்டருக்கும் விரல் வேர்க்கும், வெயில் கண்ணில் அடிக்கும், ஒத்துக்கொள்கிறேன், நான் நியாயம் தெரியாதவள் அல்ல, பட்டிமன்றத்தில் எந்த அணியில் உட்காரவைத்தாலும் பேசிவிட்டு வருகிறவள், எதிர் அணிக்கும் ஒரு நியாயம் உண்டு என்று தெரியாமல் அப்படிப் பேச முடியாது. ஆனால் நாகர்கோவில் கல்லூரியோடு ஆடிய ஆட்டத்தில் எனக்கு வந்த பந்தெல்லாம் தாழ்ந்தே வந்தது. வலைக்கு அந்தப் பக்கம் நின்ற நெட்டைப் பெண்கள் இருவரும் குதிக்கக்கூட இல்லை, கொடியில் துணி போடுகிறவர்கள்போலச் சும்மா கையை உயர்த்தி நின்றார்கள், என் அடி அவர்கள் கையில் பட்டு என் காலடியிலேயே விழுந்தது, திரும்பத் திரும்ப விழுந்தது, கடைசியில் எங்கள் பி.டி. தங்கபுஷ்பம் மேடம் விசில்கூட ஊதாமல் விரலை மட்டும் அசைத்து என்னை வெளியே கூப்பிட்டார். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது, சுடுவது தலை தொங்குவதாலும் இருக்கலாம், ஏனென்றால் இந்த நிமிஷம் நான் கேலரிக்கு அடியிலுள்ள அறையில் மண்டியிட்டுக் கிடக்கிறேன், பெஞ்சின்மேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, உள்ளங்கைகளைக் கும்பிடுவதுபோலச் சேர்த்துப் பிடரிப் பக்கமாக மடக்கி, தலையைக் கைகளுக்கு நடுவே தொங்கவிட்டு, இடுப்பைப் பின்னால் தள்ளி, நெஞ்சைத் தரைக்கு இறக்கி. என் முதுகின்மேல், இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே, ஓர் உள்ளங்கை இருக்கிறது. அது ரெக்ஸ்லினுடையது. இதைவிடக் கேலிக்கூத்து உண்டா, யாரை நம்பவில்லையோ அவளிடம் முதுகைக் காட்டிக்கொண்டு கிடப்பது. இது மேடம் வகுத்த சட்டம், வேறு எந்த அணியிலும் இல்லாத சட்டம்: அடிக்கிறவள் முதுகை லிஃப்டர்தான் பிடிக்க வேண்டும், லிஃப்டர் விரல்களை அடிக்கிறவள்தான் நீவிவிட வேண்டும், ஒருத்தி உடம்பு இன்னொருத்திக்குத் தெரிய வேண்டுமாம். அந்த ஆட்டத்துக்குப் பிறகு நான் ஏதேதோ சொல்லி நழுவிக்கொண்டிருந்தேன், ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கி நானே இழுத்துக்கொள்கிறேன் என்றேன், இன்று ஃபிசியோ ஹமீதா அக்கா பிடித்துக்கொண்டுவந்து மண்டியிட வைத்துவிட்டார். குனிவதற்கு முன்பே அவளிடம் கேட்டுவிட்டேன், "ஏன் பந்தத் தாழ்த்திக் குடுத்த, அதச் சொல்லு மொதல்ல." அவள் என் முதுகில் கையை வைத்தாள். "மூச்ச விடுட்டி" என்றாள்.

மூச்சை விட்டால் அமுக்குவாள், இழுத்தால் தளர்த்துவாள், அதுதான் முறை, ஹமீதா அக்கா சொல்லிக் கொடுத்துவிட்டு யாருக்கோ கணுக்காலில் டேப் ஒட்ட வெளியே போய்விட்டார். ஆகவே நாங்கள் இருவர் மட்டும், பிறகு வலித் தைலத்தின் நெடி, மேலே கேலரிப் படியில் நடக்கும் புறாக்கள், வெளியே மைதானத்தில் பந்து அடிபடும் சத்தம். அந்தச் சத்தம் யாருடையது என்று பார்க்காமலே தெரியும், அது இசக்கியின் அடி. இளங்கலை முதலாம் ஆண்டு, வள்ளியூர்ப் பக்கம், நீளக் கை, பேச்சே கிடையாது, எதைக் கேட்டாலும் "சரிக்கா" என்று மட்டும் சொல்வாள், என்னை வெளியே கூப்பிட்ட அதே விரலால் மேடம் உள்ளே அனுப்பிய பெண். அவளுக்கு ரெக்ஸ்லின் எப்படிக் கொடுத்தாள் தெரியுமா. வானத்துக்குக் கொடுத்தாள். இதை நான் பொறாமையில் சொல்லவில்லை, ஆதாரம் வைத்திருக்கிறேன், ஆட்டத்தைக் கைபேசியில் எடுத்திருந்தார்கள், நான் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், வலையோரத்தில் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கம்பி நிற்கிறதல்லவா, எனக்கு வந்த பந்து அந்தக் கம்பியின் முனைக்குக் கீழேயே திரும்பிவிடுகிறது, இசக்கிக்குப் போன பந்து முனையைத் தாண்டி ஒரு கணம் அங்கேயே நின்று யோசித்துவிட்டு இறங்குகிறது. ஒரே லிஃப்டர், ஒரே நாள், ஒரே பந்து. இதற்கு என்ன விளக்கம். இசக்கி ரெக்ஸ்லினின் ரூம்மேட் என்பது விளக்கமாகாதா. இருவரும் ஒரே வாளியில் துணி ஊறவைக்கிறார்கள். நாளைக் காலை தென்மண்டலப் போட்டிக்குப் போகும் பன்னிரண்டு பேரை மேடம் சொல்லப்போகிறார், எனக்கு இது கடைசி ஆண்டு, போன வருஷம் பன்னிரண்டாவது ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன், இந்த வருஷம் வலையோரம் இடப்பக்கம் நின்று அடிக்கும் நாலாம் இடம் என்னுடையது, என்னுடையதாக இருந்தது, இனிமேல் என் பெயருக்குப் பின்னால் வாலிபால் என்ற சொல் வரவே போவதில்லை, இந்த வருஷம் இல்லாவிட்டால். அதனால்தான் கேட்கிறேன். "இசக்கிக்கு மட்டும் எப்படி மேல போச்சு" என்றேன் தரையைப் பார்த்துக்கொண்டு, தரையில் சிமெண்டு வெடிப்பில் ஓர் எறும்பு போய்க்கொண்டிருந்தது. முதுகின்மேல் கை கொஞ்சம் கீழே நகர்ந்தது. "இந்த எடம் கல்லு மாதி இருக்கு" என்றாள் ரெக்ஸ்லின். தூத்துக்குடிக் கடற்கரைக்காரி, 'மாதிரி'யில் பாதியை எப்போதும் முழுங்கிவிடுவாள். நான் கேட்டதற்கு இதுவா பதில். பேச்சை மாற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆகாது, பட்டிமன்றத்தில் இப்படிச் செய்தால் நடுவர் மணி அடிப்பார்.

கல் மாதிரி இருக்கிறதாம். இந்த முதுகுக் கதையே எனக்குச் சந்தேகம். வலிப்பது தோளில், முன்பக்கம், சட்டைத் தையல் வரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, போன வாரம் அங்கே ஒரு விரலை வைத்துக் காட்டினேன், ஹமீதா அக்கா அந்த விரலைப் பார்க்கவே இல்லை, என்னைத் திருப்பி நிறுத்தி முதுகைப் பார்த்தார். மின்வாரியத்தில் புகார் கொடுத்தால் குடிநீர் வாரியத்துக்குப் போகச் சொல்வதைப்போல. "இடுப்புல இருந்து ஒரு பெரிய தசை புறப்பட்டு விசிறி மாதிரி மேல வந்து, அக்குளுக்குள்ள நுழைஞ்சு, கை எலும்புல போய் ஒட்டுதும்மா. அது இறுகிட்டுன்னா கையக் கீழ இருந்து பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கும். நீ தோளத் திட்டுவ. தோள் பாவம்" என்றார். நான் விடுவேனா. "இறுகினா முதுகுல வலிக்கணுமே, எனக்கு முதுகு வலிக்கவே இல்லையே" என்றேன். "இழுக்குறவனுக்கு என்னம்மா வலி, இழுபடுறவனுக்குத்தானே வலி" என்று சொல்லிச் சிரித்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது, நன்றாக இருக்கும் வாக்கியங்களை நான் நம்புவதில்லை, நானே நிறையச் செய்து விற்றிருக்கிறேன். பிறகு சுவரில் நிற்க வைத்தார். குதிகால், இடுப்பு, முதுகு, தலை எல்லாம் சுவரில் ஒட்ட, முழங்கை மடங்காமல் கையை முன்பக்கமாக மேலே கொண்டுபோய்க் கட்டைவிரலால் தலைக்குப் பின்னாலுள்ள சுவரைத் தொட வேண்டும். தொட்டேன். உடனே ஹமீதா அக்கா என் இடுப்புக்கும் சுவருக்கும் நடுவே தன் முழங்கையை நுழைத்துக் காட்டினார், ஒரு பூனையே புகுந்து போகும் போலிருந்தது, "இங்க வளைஞ்சு அங்க தொடுற, இது கணக்குல வராது" என்றார். வளையாமல் செய்யச் சொன்னார். கை நெற்றிக்கு நேரே வந்து நின்றுவிட்டது. நின்றது என்றால், யாரோ பிடித்து நிறுத்தியதுபோல. நான் முக்கினேன், நகரவில்லை. அன்று நான் சொன்னது நினைவிருக்கிறது, "இந்தச் சுவரு நேரா இருக்கான்னு யாராவது பாத்தீங்களா, கேலரிக்கு அடியில கட்டின சுவரு, சாஞ்சுதான் இருக்கும்." அக்கா ஒரு ஸ்கிப்பிங் கயிற்றின் கைப்பிடியைக் கீழே தொங்கவிட்டுச் சுவரோடு பிடித்துக் காட்டினார். கயிறு சுவரோடு ஒட்டி நேராக இறங்கியது. கயிறு புதிது, முறுக்கு இருந்தது, அதையும் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. என் கட்டைவிரல் சுவரைத் தொடாத செய்தியை மேடத்திடம் யார் கொண்டுபோனார்கள் என்பது அடுத்த கேள்வி. மேடம் என்னைக் கூப்பிட்டு, "கட்டவிரல் செவத்தத் தொடட்டும் செம்பகம், அப்புறம் நாலாம் எடத்தப் பத்திப் பேசலாம்" என்று சொன்னபோது மேடம் அறைக்கு வெளியே செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றது ரெக்ஸ்லின். "மூச்ச அடக்காத, விடு" என்கிறாள் இப்போது. அடக்கியது எனக்கே தெரியவில்லை. விட்டேன். முதுகின் இரண்டு ஓரமும் அக்குளிலிருந்து இடுப்புவரை ஈரத்துணியைப் பிழிவதுபோல இழுபட்டது, வலி என்று சொல்ல முடியாது, வலிக்குப் பக்கத்து வீடு.

காரணம் இல்லாமல் ஒருத்தி இப்படிச் செய்ய மாட்டாள், ரூம்மேட் என்பதே போதாது, அதற்கும் முன்னால் ஏதோ இருக்க வேண்டும், ஆராய்ச்சி என்றால் வேரைத் தேட வேண்டும் அல்லவா. வேர் எனக்குத் தெரியும். மெஸ்ஸில் நடந்தது. தோசை போட்ட நாள், தோசை நாளில்தான் எல்லோரும் முழுசாக உட்கார்ந்து சாப்பிடுவோம். ரெக்ஸ்லின் என் எதிரே இருந்தாள், வாயில் தோசையை வைத்துக்கொண்டு என்னவோ சொன்னாள், என்ன சொன்னாள், என் ஆட்டத்தைப் பற்றி ஏதோ குறை, நான் உடனே பிடித்துக்கொண்டேன், எப்போதிலிருந்து, எந்த ஆட்டத்தில், நீ அளந்தாயா என்று கேட்டேன், அவள் "கண்ணுக்குத் தெரியுதுல்லா" என்றாள், நான் சொன்னேன், "கண்ணுக்குத் தெரியுறதெல்லாம் உண்மைன்னா சூரியன்தான் பூமியச் சுத்துதுன்னு எழுதி வச்சுக்கோ." மேஜையே சிரித்தது. பரிமாறும் அக்கா சட்னி வாளியோடு நின்று சிரித்தார். ரெக்ஸ்லினும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன், தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். நல்ல அடி அது, சுத்தமான அடி, தடுக்க ஆளில்லாத இடத்தில் விழுந்த அடி. அதற்குப் பிறகு வந்த பயிற்சிகளிலிருந்துதான் பந்து இறங்க ஆரம்பித்தது, இதையும் நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன், அதற்கு முன்னால் உயரமாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆக, பழிவாங்கல். நாலு பேர் முன்னால் தோற்றவள் நாலு பேர் முன்னால் தோற்கடிக்கிறாள். இதைவிடத் தெளிவான காரணம் எந்த வழக்கிலாவது உண்டா. ஒன்றுதான் இடறுகிறது, அவள் என்ன குறை சொன்னாள் என்பது. சூரியன் நினைவிருக்கிறது, சட்னி வாளி நினைவிருக்கிறது, அவள் சொன்ன அந்த முதல் வாக்கியம் மட்டும் வரவில்லை, நாக்கில் மீன்முள் மாதிரி இருக்கிறது, எடுக்கப் போனால் நழுவுகிறது. நான் குதிப்பது தாமதம் என்றாளா. ஓடிவரும் தப்படி சரியில்லை என்றாளா. இருக்கட்டும், அது முக்கியமில்லை. முக்கியமில்லை என்றால் ஏன் திரும்பத் திரும்பத் தேடுகிறேன். வெளியே இசக்கியின் அடி மறுபடி விழுந்தது, அது தரையில் மோதும் சத்தத்தில் ஒரு நிதானம் இருக்கிறது, என் அடியில் அது எப்போது போனது, முன்பு என் அடியும் அப்படித்தான் விழும், மைதானத்துக்கு வெளியே சைக்கிளில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கையைப் பற்றி யோசிக்காமல் இருக்கத்தான் பார்க்கிறேன், ஆனால் இப்படித் தலைகீழாகத் தொங்கும்போது மனசிலிருப்பது எல்லாம் நெற்றிக்கு இறங்கி வந்துவிடுகிறது. பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்காமல் சீட்டு முதுகைப் பிடித்து நிற்கிறேன், அது கூட்டத்தினால். அறையில் பெட்டியைப் பரணிலிருந்து எடுக்க இடது கையை நீட்டுகிறேன், அது பரண் அந்தப் பக்கம் இருப்பதால். கொண்டை போடுவதை விட்டுவிட்டுப் பின்னல் போட்டு முன்னால் எடுத்துக்கொள்கிறேன், அது அழகாக இருப்பதால். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது, எல்லாம் தனித்தனியாக நல்ல காரணங்கள், ஒரே இடத்தில் வரிசையாக நிற்க வைத்தால்தான் ஒன்றையொன்று பார்த்து முழிக்கின்றன. அந்த வீடியோவில் நான் பந்தை மட்டும் பார்த்தேன், பந்தையும் கம்பியையும். ஒரு சட்டகத்தில் என் முழங்கை மடங்கியிருந்தது. காதுக்குப் பக்கத்தில் மடங்கிய முழங்கை, தொலைபேசியில் பேசுகிறவளைப்போல. பந்து தாழ்ந்து வந்தால் கை மடங்கத்தானே செய்யும் என்று அதைத் தள்ளிவிட்டேன். கை மடங்கும் என்பதால் பந்து தாழ்ந்து வந்தது என்று ஒருத்தி வாதாடினால். யாரும் வாதாடவில்லை. யாரும் வாதாடாத ஒன்றுக்கு நான் ஏன் மறுப்பு தேடுகிறேன். "போதும், எந்திரி" என்றாள் ரெக்ஸ்லின், முதுகிலிருந்து கையை எடுத்தாள், எடுத்த இடம் குளிர்ந்தது.

எழுந்தபோது அறை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. ஹமீதா அக்கா டேப் உருளையை விரலில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார், "செவத்துக்கு வா" என்றார். நல்லதுதான், இன்றோடு தெரிந்துவிடட்டும். குதிகால், இடுப்பு, முதுகு, தலை. "ரெக்ஸ்லின், நீ இவ இடுப்புக்குப் பின்னால ஒன் கைய வையி, அவ வளைஞ்சா கை லூசாயிடும், ஒடனே சொல்லு" என்றார் அக்கா. அப்படியானால் சாட்சியும் இவளேதான், வழக்கு நடத்துகிறவளும் இவளேதான், எனக்கு எதிராக ஒரு சொல் போதும், கை லூசாகிவிட்டது என்று பொய்யாக ஒரு சொல். அவள் உள்ளங்கை என் இடுப்புக்கும் சுவருக்கும் நடுவே வந்து உட்கார்ந்தது. அவள் கை சிக்கிக்கொள்ளும்படி இடுப்பால் சுவரை அழுத்தினேன், அவள் விரல் எலும்புகள்கூட எனக்குத் தெரிந்தன, லிஃப்டரின் விரல்கள், நுனியில் டேப் ஒட்டி ஒட்டித் தடித்தவை, அந்த ஆட்டத்துக்குப் பிறகு நான் நீவிவிடாத விரல்கள், அவளுக்கு வலித்திருக்க வேண்டும். கையை உயர்த்தினேன். நெற்றியைத் தாண்டியது. தலைக்கு மேலே போனது. போகிறது, போகிறது, போன வாரம் போகாத இடத்துக்குப் போகிறது, முதுகில் அந்த விசிறி பிரிவது தெரிகிறது, தோள் வலிக்கவே இல்லை, என்ன ஆச்சரியம் என்று நினைப்பதற்குள் நின்றுவிட்டது. கட்டைவிரலுக்கும் சுவருக்கும் நடுவே காற்று. கொஞ்சம் காற்றுதான். இப்போது இடுப்பை லேசாக, யாரும் பார்க்காத அளவுக்கு, வளைத்தால் தொட்டுவிடலாம், என் உடம்பு எனக்குச் சொல்லாமலே அதைச் செய்யப் பார்த்தது, நான் அதைக் கையும் களவுமாகப் பிடித்தேன், இத்தனை நாளும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தது போலிருக்கிறது, என் பெயரில், என் அனுமதி இல்லாமல். "லூசாச்சா" என்று கேட்டார் ஹமீதா அக்கா. "இல்லக்கா. சிக்கித்தான் கெடக்கு. ஒழுங்காத்தான் செய்தா" என்றாள் ரெக்ஸ்லின். பொய் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். அக்கா என் கட்டைவிரலுக்கும் சுவருக்கும் நடுவே தன் கையைச் செருகிப் பார்த்தார், "நல்ல முன்னேற்றம்மா. இப்படியே தெனமும் முதுக இழுத்துக்கிட்டே வந்தா ஒரு மாசத்துல தொட்டுடுவ" என்றார். தென்மண்டலப் போட்டி அடுத்த வாரம். அதை அவரும் அறிவார், அதனால்தான் என் முகத்தைப் பார்க்காமல் டேப் உருளையைப் பார்த்துச் சொன்னார், "மேடத்துக்கிட்ட நான் சொல்லிடுறேன்" என்று கதவைத் தாண்டிப் போனார். வெளியே பந்துச் சத்தம் நின்றிருந்தது. கை இன்னும் மேலேயே இருந்தது, இறக்க மறந்து, ஏதோ வகுப்பில் சந்தேகம் கேட்கக் கை தூக்கியவள்போல. ரெக்ஸ்லின் தன் கையைச் சுவருக்கும் எனக்கும் நடுவிலிருந்து உருவிக்கொண்டு விரல்களை உதறினாள். கோபம் வந்தது, இப்போதுதான் உண்மையான கோபம், பந்து தாழ்ந்ததற்கு இல்லை, தெரிந்திருக்கிறது என்பதற்கு, எனக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிந்திருக்கிறது, என் கை எதுவரை வரும் என்று அளந்து அந்த இடத்துக்குச் சரியாகப் பந்தை வைத்திருக்கிறாள், அதில் ஒன்றுகூடத் தவறவில்லை. இரக்கப்பட்டாளா, மறைத்தாளா, இரண்டும் ஒன்றுதானா, யார் கேட்டார்கள் அதை. "தெரிஞ்சுதான் எறக்கிக் குடுத்திருக்க. என் கை அவ்வளவுதான் வரும்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றேன். அவள் தலையாட்டினாள். "ஒசரக் குடுத்தா ஒனக்குப் பந்தே படாதுல்லா. மொத ஆட்டத்துலேயே மேடம் ஒன்ன வெளிய எடுத்திருப்பாங்க. அந்த நெட்டைங்க வருவாளுவன்னு நான் நெனைக்கல." இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது, அது நியாயமான கேள்வி, அதை யாரும் தள்ளிவிட முடியாது. "அப்ப ஏன் எங்கிட்டச் சொல்லல? அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அன்னைக்கே இந்தப் பெஞ்சில வந்து விழுந்திருப்பேன். வாய் இருக்குல்ல ஒனக்கு, ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன" என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள், தானே எட்டி அதைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிட்டாள், முழங்கையைத் தாங்கி, வலிக்காத விதத்தில், முறைப்படி.

"சொன்னேன்லாட்டி. தோச அன்னைக்கு, மெஸ்ல வச்சு, ஒன் கை முந்தி மாதி மேல வரலன்னு. நீ சூரியனப் பத்திப் பேசி ஜெயிச்சுட்ட. வாயால ஒன்ட்ட முடியாதுன்னுதான் பந்த எறக்கினேன்."